ஒரு பாத்தி மட்டும் பச்சை

டாக்டர் பாட்டியாவின் ஷூ அந்தப் பாத்தியின் வரப்பில் வந்து நின்றதும் எங்கள் எல்லோருடைய பேச்சும் நின்றுபோனது.

தில்லியில் பிப்ரவரித் தொடக்கம். மூடுபனி அப்போதுதான் தரையை விட்டு எழும்பியிருந்தது. வெங்காயத் தாள்களின் நுனியில் நீர் கோத்து நின்றது. புடவைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்ட, என் கணவரின் பழைய ஸ்வெட்டருக்குள் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பாட்டியா எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் பிரிவுத் தலைவர். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும். அவருக்குத் தாழும். அன்று அவர் பேசியது காதில் விழவே நாங்கள் ஓரடி முன்னால் நகர வேண்டியிருந்தது.

"இது மட்டும் எப்படிப் பச்சை?" என்று இந்தியில் கேட்டார்.

நியாயமான கேள்விதான். வரப்புக்கு இடது பக்கம் யூரியா போட்ட பாத்திகள். அவை பச்சையாக இருந்தன, இருக்க வேண்டியவைதான். வலது பக்கம் யூரியாவே காட்டாமல், மட்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் மட்டும் போட்டு வளர்த்த பாத்திகள். அவை காமாலை வந்ததுபோல வெளிறிக் கிடந்தன. அந்த வரிசையில் கடைசியாக, மாட்டுக் கொட்டகைக்கு அருகே இருந்த மூலைப் பாத்தி மட்டும் கரும்பச்சையாக நின்றது.

பாட்டியா திரும்பினார். காலை ஆஜர் எடுப்பதற்காகத் தினக்கூலி ஆட்கள் எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் விரல் நேராக ராசம்மாளைக் காட்டியது.

"இவள்தான் யூரியாவைத் திருடிப் போட்டிருக்கிறாள். சோர்!"

திருடி என்ற அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர்கள் அந்த வரிசையில் யாரும் இல்லை.

சிரித்துக்கொண்டே சொன்னது

ராசம்மாளை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். சேலம் ஜில்லா ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். சாக்கடை நாலா ஓரத்தில் இருந்த ஜுக்கிக் குடிசைகளில் ஒன்றில் குடியிருந்தாள். அங்கே பாதிப் பேர் அவள் ஊர்ப் பக்கத்து ஜனங்கள். பெண்கள் வீட்டு வேலைக்கும், ஆண்கள் கட்டட வேலைக்கும் போவார்கள். ராசம்மாளும் இன்னும் சில பெண்களும் எங்கள் பண்ணைக்கு வந்தார்கள். பண்ணையில் தமிழ் பேசும் அலுவலர் நான் ஒருத்திதான் என்பதால் சண்டை, சச்சரவு, லீவு எல்லாம் என்னிடம்தான் வரும்.

அவளுக்கு வாய் அதிகம். எனக்கும் அதிகம். அதனால் ஒத்துப்போயிற்று.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் யூரியாப் பாத்திகளுக்கு மேலுரம் போட்டுக்கொண்டிருந்தவள், கையை உதறிவிட்டு வலது பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்தா வயிறு எரியுதுங்கம்மா. பச்சப் புள்ளய வாசல்ல உக்கார வெச்சு, பக்கத்து வூட்டுப் புள்ளைக்கு மட்டும் சோறு ஊட்டுற மாதிரி இருக்குது. என் பயிரா இருந்தா ஒரு கை யூரியாவ வீசிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

நான் சிரித்தேன். அந்த வழியாக வந்த பாட்டியா என்ன சிரிப்பு என்று கேட்டார். நானும் வேடிக்கையாக அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரும் சிரித்தார். நன்றாகச் சிரித்தார் என்றே எனக்கு ஞாபகம்.

இப்போது அதே வாக்கியத்தை எடுத்து அவள் கழுத்தில் கட்டிவிட்டார். கிடங்கில் ஒரு யூரியா மூட்டை கிழிந்திருந்தது அவருக்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது. அந்த மூட்டை மழைக்காலத்திலேயே கிழிந்தது. நான் அதைச் சொன்னபோது அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நான் தொடலீங்கய்யா" என்றாள் ராசம்மாள், தமிழில். பிறகு தன் இந்தியில் "மைனே நஹீ சுவா, சாப்" என்றாள். அவளை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, போலீஸ் தாணாவில் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார் பாட்டியா.

ஜுக்கியில் இருப்பவர்களுக்குத் தாணா என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருதரம் பெயர் ஏறிவிட்டால் அக்கம்பக்கத்துக் காலனியில் என்ன தொலைந்தாலும் முதல் தட்டு அந்தக் கதவில்தான். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை அப்புறம் எந்த வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். ராசம்மாளுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் வேறு இருந்தாள். மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாவும் பாத்தியும்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். உரக்கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சமையலறை வழியாகவே சொல்கிறேன்.

யூரியா இல்லாமல் வெங்காயம் வளர்க்கலாம் என்பது மேலிடத்திலிருந்து வந்த யோசனை. பாட்டியாவுக்கு அது பிடிக்கவில்லை. வேறு யாருக்கும் வேண்டாததால் என் தலையில் விழுந்தது. எனக்குத் திண்டுக்கல் பக்கம். வெங்காயத்துக்குப் புண்ணாக்கு போட்டுத் தண்ணீர் விட்டால் சில நாளிலேயே தாள் நிமிர்வதைப் பார்த்து வளர்ந்தவள். இதென்ன பிரமாதம் என்று ஏற்றுக்கொண்டேன்.

வெங்காயத்துக்குத் தழைச்சத்து வேண்டும், ஆனால் காலத்தோடு வேண்டும். ஆரம்பத்தில் கிடைக்காவிட்டால் தாள் மஞ்சளாகும், காய் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். கடைசியில் தாமதமாகக் கிடைத்தால் இன்னும் மோசம். கழுத்து தடித்துப்போய், காயாமல், மூட்டையிலேயே அழுகும். யூரியா என்றால் வேண்டிய நாளில் போடலாம், நிறுத்தலாம். புண்ணாக்கிலும் எருவிலும் உள்ள சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கரைத்துக் கொடுத்தால்தான் உண்டு.

தில்லி ஜனவரியில் அவை கரைத்துக் கொடுப்பதாக இல்லை.

மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் அப்படியே சிமெண்டுபோல உட்கார்ந்திருக்கும். ரஜாய்ப் போர்வை சுற்றி வைப்போம், அடுப்புப் பக்கம் வைப்போம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் யாரோ சொன்னார்கள் என்று வெந்தயத்தை அள்ளிப் போடுவோம். ஒன்றும் நடக்காது. பாத்தியில் போட்ட புண்ணாக்கும் என் வீட்டு மாவும் ஒரே காரணத்துக்காகத்தான் மக்கர் செய்துகொண்டிருந்தன. மண்ணுக்கு ரஜாய் போர்த்த முடியுமா?

ஆகவே மற்ற பாத்திகள் மஞ்சளானது எனக்குப் புரிந்தது. மூலைப் பாத்தி பச்சையானதுதான் புரியவில்லை. அதே எரு, அதே புண்ணாக்கு, அதே குளிர். உள்ளுக்குள் ஒரு குரல், 'போட்டிருப்பாளோ?' என்றது. அந்தக் குரலை அதட்டி உட்கார வைத்தேன்.

கையால் வீசினால் இப்படி விழாது

எல்லோரும் கலைந்த பிறகு மூலைப் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பார்த்தேனோ என்னவோ, திடீரென்று ஒன்று கண்ணில் பட்டது.

பாத்தி முழுவதும் ஒரே பச்சை இல்லை. திட்டுத் திட்டாக இருந்தது. இரண்டு இடத்தில் பெரிய வட்டமாகக் கரும்பச்சை. அவற்றைச் சுற்றி இன்னும் சில சின்ன வட்டங்கள். நடுவே இருந்த செடிகள் பக்கத்துப் பாத்திகளைப்போலவே வெளிறி இருந்தன. யூரியாவைக் கையில் எடுத்து வீசுகிறவர்கள் பாத்தி முழுக்கப் பரவலாக வீசுவார்கள். ராசம்மாள் வீசினால் கோலப்பொடி விழுவதுபோல ஒரே சீராக விழும். எந்த மனுஷர் கையும் இப்படி வட்டம் வட்டமாகக் கொட்டாது.

மண்ணைக் கிளறினேன். ஒரு சாண் கயிறு வந்தது. இன்னும் கொஞ்சம் கிளறியதில் கேந்தாப் பூ என்கிற செண்டுமல்லி மாலையின் நூல், அதில் மக்கிப்போன இரண்டு பூ. வெங்காயப் பாத்தியில் மாலைக்கு என்ன வேலை?

நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். பண்ணையின் உழவு மாடுகள் இரண்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர் ராம்பால் என்ற ஹரியாணாக்காரர். நான் மாட்டின் கொம்பைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பியதும் அவர் முகம் வெளுத்தது. கொம்பின் அடிவரிகளில் ரோஸ் நிறச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், பீபிஜி. முழுசாகப் போகவில்லை" என்றார் அவர்.

மாடில்லாத ஊரில் மாட்டுப் பொங்கல்

நடந்தது இதுதான். அந்த வருஷம் மாட்டுப் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பண்ணையில் ஒருவரும் இல்லை. ஜுக்கித் தமிழ் ஜனங்களுக்குப் பொங்கல் வைக்கப் பானை இருந்தது, அரிசி இருந்தது, எங்கிருந்தோ கரும்பும் கிடைத்துவிட்டது. மாடுதான் இல்லை. தில்லி வந்த நாள் முதலாக மாடில்லாத மாட்டுப் பொங்கல் கொண்டாடிச் சலித்துப்போய், ராசம்மாளும் மற்ற பெண்களும் ராம்பாலிடம் போய்ச் சர்க்கார் மாடுகளை ஒரு பகல் இரவல் கேட்டிருக்கிறார்கள்.

அவரும் கொடுத்துவிட்டார். "மாட்டுக்குப் பூஜை செய்கிறோம் என்று கேட்டால் எப்படி மாட்டேன் என்பது?" என்று என்னிடம் கேட்டார்.

ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் மூலைப் பாத்திதான். எருவும் புண்ணாக்கும் கலந்து, நாற்று நடுவதற்குத் தயாராக, காலியாகக் கிடந்தது. அதில் முளையடித்து மாடுகளைக் கட்டிவிட்டார்கள். குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, மாலை போட்டு, பொங்கலும் கரும்புச் சோகையும் தவிட்டுத் தண்ணீரும் பகல் முழுக்க ஊட்டியிருக்கிறார்கள். அத்தனை தண்ணீர் குடித்த மாடு சும்மா நிற்குமா? நின்ற இடத்திலேயே பெய்துகொண்டிருந்திருக்கிறது. அந்த வார நடுவில் நாங்கள் மண்ணைக் கொத்திவிட்டு நாற்று நட்டோம்.

மாட்டு மூத்திரத்தில் இருப்பதும் தழைச்சத்துதான். புண்ணாக்குபோல நாள் கணக்கில் காத்திருக்க வைக்காது, குளிரிலும் சீக்கிரமாகச் செடிக்குக் கிடைத்துவிடும்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. ராம்பால் கையெடுத்துக் கும்பிட்டார். "என் பெயர் வந்தால் வேலை போய்விடும். நான்கு பிள்ளைகள்."

ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஜுக்கிக்குப் போனேன். ராம்பால் சொன்னதையெல்லாம் நான் சொல்ல, ராசம்மாள் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள்.

"மாடு கட்டுனத நீ ஏன் சொல்லல?"

"சொல்லமாட்டேன்னு அவருகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களும் சொல்லாதீங்கம்மா. புள்ளகுட்டிக்காரரு."

"உனக்குப் புள்ள இல்லையா? தாணாவுக்குப் போறேன்னு நிக்கிறாரு அந்த மனுஷன்."

"யூரியாவத் தொடலன்னு சொல்லிட்டேன். அது போதாதுங்களா?"

போதாது என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நறுக்குவதைத் தொடர்ந்தாள்.

நாற்றம் பிடித்த வாரங்கள்

மறுநாள் பாட்டியாவின் அறையில், யார் பெயரையும் சொல்லாமல், நடுவதற்கு முன் பாத்தியில் மாடு கட்டப்பட்டிருந்ததாக மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

"எந்த மாடு? யார் அவிழ்த்துக் கொடுத்தது?"

கதவருகே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ராம்பால் உள்ளே வந்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "நான்தான், சாப்" என்றார். என் பின்னாலேயே வந்து வெளியில் நின்றிருக்கிறார் மனுஷன். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பாட்டியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூன்று பேரும் சேர்ந்து நல்ல கதை கட்டியிருக்கிறீர்கள். ஒரு நாள் மாடு கட்டினால் இவ்வளவு பச்சை வருமா?"

"வருமா வராதா என்று பார்த்துவிடலாம்" என்றேன். என் குரலும் அவர் குரலைப்போலத் தாழ்ந்திருந்தது. "மஞ்சளாக இருக்கும் ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். பாதிக்கு மாட்டு மூத்திரம் கலந்த தண்ணீர், பாதிக்கு வெறும் தண்ணீர். அதுவரை புகார் வேண்டாம்."

அவர் யோசித்தார். மாதக் கடைசியில் மேலிடத்துக் குழு பார்வையிட வருவதாக இருந்தது. அந்த நேரத்தில் பண்ணைக்குள் போலீஸ் நிற்பதில் அவருக்கும் விருப்பமில்லை. குழு வரும்வரை பொறுப்பதாகச் சொன்னார். பாத்தியை அவரே தேர்ந்தெடுத்து, குறுக்கே அவர் கையாலேயே நூல் கட்டினார். இருப்பதிலேயே மோசமான பாத்தியாகப் பார்த்துத்தான் எடுத்தார்.

கொட்டகைத் தரையிலிருந்து வழிவதை ராம்பால் டின்னில் பிடித்துக் கொடுத்தார். நிறையத் தண்ணீர் கலந்து நானே ஊற்றினேன். கையில் ஏறிய நாற்றம் எந்த சோப்புக்கும் போகவில்லை. டி.டி.சி. பஸ்ஸில் எனக்கு ஸீட் கிடைக்காத நாளே இல்லை, பக்கத்தில் உட்கார ஆளில்லை. என் மகள், "அம்மா, உன்கிட்ட பத்பூ வருது, தூர் ஜாவ்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் தள்ளிப் போகச் சொன்னாள். அவளுக்கு அவ்வளவுதான் தமிழ். என் கணவர், "வீட்டுக்கு ஒரு பசுவே வந்துட்ட மாதிரி இருக்கு, லட்சுமிகரமாத்தான் இருக்கு" என்றார். வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். அன்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனேன்.

ஏனென்றால் பாத்தி மாறவில்லை. முதல் வாரம் முழுக்க வானம் மூடியே கிடந்தது. சூரியனைக் காணோம். நூலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மஞ்சள். தினமும் போய் மண்டியிட்டுப் பார்ப்பேன். பாட்டியா தினமும் அந்த வழியாக வருவார், நூலைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போவார். திட்டியிருந்தாலாவது தேவலை.

குழு வரும் நாள் நெருங்கியது. 'போட்டிருப்பாளோ' என்ற அந்தக் குரல் மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

பிறகு வெயில் வந்தது. வந்து இரண்டொரு நாள் கழித்து ஒரு காலை, தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நூலுக்கு இந்தப் பக்கம், மூத்திரத் தண்ணீர் விட்ட பாதியில், நடுத்தாள்கள் பச்சை பிடித்திருந்தன. அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. பென்சிலால் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது. நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். பாட்டியா வந்து குனிந்து பார்த்தார். ஒரு தாளைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூலைப் பாத்தியைச் சோதனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கெட்டுப்போன பாத்தி" என்றார். சரி என்றேன். "ராம்பாலை நான் எச்சரித்துக்கொள்கிறேன்." அதற்கும் சரி என்றேன். "அந்தப் பெண்ணை நாளை முதல் வேலைக்கு வரச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவ்வளவுதான்.

பின்னால் நிற்பவர்கள்

ஜுக்கிக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். ராசம்மாள் முகத்தில் நான் எதிர்பார்த்தது ஒன்றும் தெரியவில்லை.

"பச்சையாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு ராசம்மா! நீ போடலன்னு அவரே ஒத்துக்கிட்டாரு."

"நீங்க நம்புனீங்களா, நான் போடலன்னு?"

"நம்புனேன்."

"அப்ப ஏம்மா தினமும் போய் வெங்காயத்தப் பாத்தீங்க?"

அவருக்குக் காட்டத்தான் என்றேன். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதி அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அதைத் தோண்டவில்லை. அது அவள் பெருந்தன்மை.

"சரிங்கம்மா. வெங்காயம் அவருக்குச் சொல்லிருச்சு. அவரு மத்தவங்களுக்குச் சொல்லட்டும். வரிசையா ஆளுங்கள நிக்க வெச்சுதான திருடின்னாரு? அதே வரிசையில வெச்சு இல்லன்னு சொல்லட்டும். அப்ப வரேன்."

இதைப் போய்ப் பாட்டியாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல், சிரிக்காமல் மொழிபெயர்த்தேன். அவர் வெகுநேரம் துடைத்தார். பிறகு, "வரட்டும்" என்றார்.

மறுநாள் காலை ஆஜர் வரிசையில் ராசம்மாள் முன்னால் நின்றாள். வெளுத்த புடவை, எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த தலை. அவளுக்குப் பின்னால் தினக்கூலி ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். எப்போதும் தாமதமாக வருகிறவர்கள்கூட அன்று நேரத்துக்கு வந்திருந்தார்கள். கடைசி நேரத்தில் மனிதர் மாறிவிட்டால்?

பாட்டியா வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், எப்போதும்போலத் தாழ்ந்த குரலில், "இந்தப் பெண் யூரியா திருடவில்லை. நான் சொன்னது தவறு" என்றார். முன்வரிசைக்கே பாதிதான் கேட்டிருக்கும். சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"ஜோர் ஸே போலியே, சாப்" என்றாள் ராசம்மாள். அவள் கை கூப்பியே இருந்தது. "பீச்சே வாலோங் கோ சுனாயீ நஹீ தியா."

பலமாகச் சொல்லச் சொல்கிறாள். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லையாம்.

பாட்டியாவின் காது சிவந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவது முறை அவர் சொன்னது மாட்டுக் கொட்டகைவரை கேட்டதாக ராம்பால் பிறகு என்னிடம் சொன்னார்.